ஒரு கையெழுத்துக்கு எத்தனை பாவசங்கீர்த்தனம்?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம்.

என் பெயரைப் போட வேண்டாம். வயது 34. காட்பாடியில் வாடகை வீடு. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். சொந்த ஊர் சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். லூர்து மாதா கோயில் மணிச்சத்தம் கேட்டு வளர்ந்த குடும்பம். எங்கள் கொள்ளுத்தாத்தா தாராஸ் சாமியார் கையால் ஞானஸ்நானம் வாங்கியவர் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், நான் ஏதோ பேருக்குக் கோயிலுக்குப் போகிறவன் இல்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்களுக்குக் கல்யாணம் ஆகி நாலு வருஷம். மனைவிக்கு 29 வயது, நர்சரி பள்ளியில் டீச்சர். ரொம்ப நாள் காத்திருந்து போன அக்டோபரில் நாள் தள்ளிப்போனது. கார்டில் ரெண்டு கோடு வந்தது. ஜெபமாலை மாதத்தில் கிடைத்த பிள்ளை என்று வீடே சந்தோஷப்பட்டது. அம்மா ஊரிலிருந்து புனித தொமினிக் சாவியோ உத்தரியத்தைப் பஸ்ஸில் தெரிந்தவர் மூலமாகக் கொடுத்தனுப்பினார். கர்ப்பமானவர்கள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டால் பிரசவம் சுகமாகும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை.

ஒரு சனிக்கிழமை காலை அவளுக்கு அடிவயிற்றில் வலி. தோள்பட்டையும் வலிக்கிறது என்றாள். வாயுவாக இருக்கும் என்று ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். பாத்ரூமில் மயங்கி விழுந்துவிட்டாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் பார்த்துவிட்டு, கரு கர்ப்பப்பையில் இல்லை, வலது பக்கக் குழாயில் இருக்கிறது, குழாய் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் இறங்குகிறது, உடனே ஆபரேஷன் என்றார்கள். ஸ்கேன் எடுத்த மேடம் டாக்டரிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது: “கார்டியாக் ஆக்டிவிட்டி இருக்கு.” அந்த அளவுக்கு இங்கிலீஷ் எனக்குத் தெரியும்.

“டாக்டர், குழந்தையை எடுத்து கர்ப்பப்பையில வைக்க முடியாதா?” என்று கேட்டேன். “அப்படி ஒரு வழியே கிடையாது தம்பி, நேரமில்ல, கையெழுத்து போடுங்க” என்றார். போட்டேன். நர்ஸ் அவள் தாலிச் செயினையும் உத்தரியத்தையும் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். பிள்ளை இருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். ரத்தம் ஏற்றினார்கள். அவள் பிழைத்தாள். எடுத்ததை ஒரு ஜாடியில் போட்டு லேபுக்கு அனுப்பினார்கள். கொடுங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இப்போது ராத்திரியானால் அந்த ஜாடிதான் கண் முன்னால் நிற்கிறது. எந்தக் குப்பையில் போட்டார்களோ.

அம்மா, எங்கள் பங்கில் பிறக்காத குழந்தைகளுக்காக ஜெபம் நடத்துகிறவனே நான்தான். ஒவ்வொரு மார்ச் 25ஆம் தேதியும், மாதா கருத்தரித்த அந்தத் திருநாளில், மைக் பிடித்து ஜெபமாலை சொல்வேன். ஆபத்தில் இருக்கிற ஒரு குழந்தையை, யாரென்று தெரியாமலே, ஜெபத்தில் தத்தெடுத்து ஒன்பது மாதம் தினமும் வேண்டிக்கொள்ளும் பக்தியை எங்கள் அன்பியத்தில் (பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபக் குழு) ஆரம்பித்ததும் நான்தான். ஆபரேஷன் நடந்தபோது அந்த ஜெபம் பாதியில் இருந்தது. அதோடு விட்டுவிட்டேன். அந்தப் பிள்ளையையும் சேர்த்துக் கைவிட்டுவிட்டேனோ என்று இருக்கிறது.

ஜெபக் குழுவில் இருக்கிற ஒருவர், கருவைக் கலைத்தவர்களும் அதற்கு உதவியவர்களும் தானாகவே திருச்சபைக்கு வெளியே போய்விடுவார்கள் என்று ஒரு செய்தியை வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பினார். என்னை நினைத்து அனுப்பினாரா தெரியாது. அன்றிலிருந்து பூசையில் நன்மை (நற்கருணை) வாங்குவதில்லை. பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார், “இதுல பாவமே இல்லப்பா, நிம்மதியா போ” என்றார். பஸ் ஸ்டாண்ட் வருகிற வரைக்கும் நிம்மதியாக இருந்தது. அப்புறம், துடிப்பு இருந்ததைச் சரியாகச் சொன்னேனா, மழுப்பிச் சொல்லிவிட்டேனா என்று சந்தேகம். வேறு கோயிலுக்குப் போனேன். அங்கேயும் அதே பதில், மறுபடி வேறு சந்தேகம். என்னைத் தெரியாத கோயிலாகப் பார்த்துப் பார்த்துப் போகிறேன். ஒரு சாமியாருக்குக் கோபமே வந்துவிட்டது. பிப்ரவரி 11 லூர்து மாதா திருவிழாவுக்கு ஊருக்குப் போனோம். மனைவி உள்ளே போனாள். நான் வெளியிலேயே நின்றேன்.

மனைவி ஒரு நாள், “என்னாத்துக்கு இப்டி அலையிறீங்க? நீங்க ஒவ்வொரு வாட்டி போய்ட்டு வரும்போதும் எனக்கு என்னமோ மாதிரி இருக்கு” என்றாள். “உன்ன காப்பாத்தத்தான் நான் இந்தப் பாவத்தச் சுமக்கிறேன்” என்றேன். அதற்குப் பிறகு அவள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. சேர்ந்து ஜெபமாலை சொல்வதும் நின்றுவிட்டது. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். இன்னொரு குழந்தை வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருக்கிறது, எனக்குத்தான் அவளைத் தொடவே பயமாக இருக்கிறது. இதற்கு நடுவில் அவள் பெரியம்மா வந்து, ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளை மோட்சம் பார்க்காது, லிம்போவில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் என் பிள்ளையைக் கொன்றேனா? அது இப்போது எங்கே இருக்கிறது? வருகிற மார்ச் 25க்கு நீதான் நடத்த வேண்டும் என்று அன்பியத்தில் கேட்கிறார்கள். நான் அந்த மைக்கைத் தொடலாமா?

இப்படிக்கு,
தூக்கமில்லாத ஒரு தகப்பன், காட்பாடி

———

தம்பிக்கு,

கேட்டதற்குப் பதில் வராமல் நீங்கள் மேற்கொண்டு படிக்கமாட்டீர்கள் என்று தெரிகிறது. அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

இல்லை, நீங்கள் கொல்லவில்லை. நூறு கர்ப்பத்தில் ஒன்றோ இரண்டோ இப்படிக் கர்ப்பப்பைக்கு வெளியே தங்கிவிடுகிறது, பெரும்பாலும் குழாயில். குழாய் விரிந்துகொடுக்காது. அங்கே ஒரு பிள்ளை வளர்ந்து பிறக்க வழியில்லை. அதை எடுத்துக் கர்ப்பப்பையில் வைத்துப் பிழைக்கவைக்கும் மருத்துவம் உலகத்தில் எங்கேயும் கிடையாது. டாக்டர் சொன்னது அப்படியே உண்மை. துடிப்பு இருந்தது என்கிறீர்கள். ஆமாம், இருந்திருக்கும். துடிப்போடு குழாயில் வளரும் கருதான் அதிக ஆபத்தானது. உங்கள் மனைவிக்குத் தோள்பட்டை வலித்தது வாயுவால் இல்லை. வயிற்றுக்குள் இறங்கிய ரத்தம் உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியும். அந்த நேரத்தில் காப்பாற்றக்கூடிய உயிர் ஒன்றுதான் இருந்தது. இரண்டில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுத்ததாக உங்கள் மனம் கதை கட்டியிருக்கிறது. தேர்ந்தெடுக்க அங்கே இரண்டு இல்லை.

திருச்சபை என்ன சொல்கிறது என்பதையும் சொல்கிறேன். இறையியல் என் படிப்பு இல்லை, ஆனால் நானும் பூசைக்குப் போகிறவள்தான், இந்த விஷயத்தில் என்னிடம் வரும் கத்தோலிக்கப் பெண்கள் அதிகம் என்பதால் படிக்க வேண்டியிருந்தது. உயிரைக் காக்கச் செய்யும் ஒரு செயலால், நாம் விரும்பாத ஒரு மரணமும் தவிர்க்கமுடியாமல் கூடவே நேருமானால், அது கொலை ஆகாது என்பது புனித தாமஸ் அக்வினாஸ் காலத்துச் சிந்தனையிலிருந்து வளர்ந்த நெறி. 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இதைத் தெளிவாகவே சொன்னார்: தாயின் உயிரைக் காக்க அவசரமாகத் தேவைப்படும் அறுவை சிகிச்சையில், யாரும் நாடாத பக்க விளைவாகக் கரு இறந்தால், அதை மாசற்ற உயிர் மேல் நேரடியாகத் தொடுத்த தாக்குதல் என்று சொல்ல முடியாது. கிழிந்து ரத்தம் கொட்டும் குழாயை எடுப்பதைக் கத்தோலிக்க அறநெறி ஆசிரியர்கள் பரவலாக ஏற்கிறார்கள். நீங்கள் பார்த்த சாமியார்கள் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னது இதனால்தான்.

வாட்ஸ்அப்பில் வந்த அந்தச் செய்தி பாதி உண்மை. திருச்சபைச் சட்டத்தில் அப்படி ஒரு தண்டனை இருக்கிறது. அது தெரிந்தே, விரும்பியே கருவை அழிப்பவர்களுக்கு. அப்படிச் செய்தவர்களைக்கூட மன்னித்துச் சேர்த்துக்கொள்ளும் அதிகாரத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் எல்லாக் குருக்களுக்கும் நிலையாகக் கொடுத்துவிட்டார். ஆக, நீங்கள் நினைப்பது போலவே அது பாவம் என்று வைத்துக்கொண்டாலும், முதல் கோயிலிலேயே கணக்கு முடிந்துவிட்டது. எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் நன்மை வாங்காமல் வெளியே நிற்க உங்களுக்குக் காரணம் இல்லை. (அந்தச் செய்தியை அனுப்பியவர் கட்டாயம் கெட்ட எண்ணத்தில் அனுப்பியிருக்கமாட்டார். ஆனால் குழுவில் ஒரு குடும்பம் பிள்ளையை இழந்து கிடக்கும்போது, அனுப்பும் முன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.)

இவ்வளவும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அல்லது தெரிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் சொன்னதும் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும்தான் தாங்கும். அதனால் அந்தச் சந்தேகத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

பாவம் செய்தவனுக்கு மன்னிப்புக் கிடைத்ததும் பாரம் இறங்கிவிடும். உங்களுக்கு இறங்கவில்லை. மறுபடி போகிறீர்கள், அரை மணி நேரம் லேசாகிறது, பிறகு முன்னைவிடப் பெரிதாகக் கிளம்புகிறது. சொறிந்தால் அந்த நேரத்துக்குச் சுகம், புண் ஆறாது என்பது மாதிரி. மனநலத்தில் இதை ஓசிடி என்கிற நோயின் ஒரு முகமாகப் பார்க்கிறோம். கை கழுவியது போதுமா என்று திரும்பத் திரும்பக் கழுவுகிறவர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிலருக்கு அந்தச் சந்தேகம் கையைப் பிடிக்காமல் மனச்சாட்சியைப் பிடித்துக்கொள்கிறது. பக்தி இல்லாதவர்களிடம் இது வருவது குறைவு. கடவுளை மதிக்கிறவர்கள், நுணுக்கமாக யோசிக்கிறவர்கள், பொறுப்பானவர்கள், இவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. கட்டிங் செக்‌ஷனில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் தோல் முழுதும் வீண் என்று கண்காணித்துப் பழகிய உங்களுக்கு இது பொருந்தத்தான் செய்யும்.

திருச்சபைக்கு இந்த நோய் எங்கள் மனநலத் துறைக்கு முன்பே தெரியும். லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசாவில் இதே அவதியில் கிடந்தார். வாழ்நாள் பாவங்களை எல்லாம் எழுதிவைத்துப் பாவசங்கீர்த்தனம் செய்து முடித்தவர், சொன்னது போதவில்லை என்று மறுபடி மறுபடி போனார். உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றும் அளவுக்கு முற்றியது. பழைய பாவங்களை இனி ஒருபோதும் திரும்பச் சொல்வதில்லை என்று ஒரு நாள் முடிவெடுத்தார். அதோடு விடுதலை. பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்கே பாதுகாவலரான அல்போன்ஸ் லிகோரியாரும் இதே தொல்லையில் உழன்றவர். இப்படிப்பட்டவர்களுக்கு ஆன்ம குருக்கள் சொல்லும் வழி பழையது: ஒரே குருவை வைத்துக்கொள், அவர் சொல்வதற்குக் கீழ்ப்படி, முடிந்ததைத் திரும்பச் சொல்லாதே. நாங்கள் சிகிச்சையில் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். சந்தேகம் வரும்போது ஓடிப்போய்ச் சரிபார்க்காமல், அந்தச் சங்கடத்தோடு உட்காரப் பழக்குகிறோம். முதல் வாரங்கள் கொடுமையாக இருக்கும். பிறகு அதன் பிடி தளரும். சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்களுக்குப் பிடித்த ஒரு குருவிடம் போங்கள். நடந்ததைச் சொல்லும்போது இந்தச் சந்தேகச் சுழலையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் சொல்வதுதான் கடைசி. இந்த விஷயத்துக்கு வேறு கோயில் வாசல் மிதிக்காதீர்கள்.

இனிதான் எனக்குக் கவலையான இடம்.

உங்கள் கடிதத்தில் பிள்ளை இருக்கிறது, ஜாடி இருக்கிறது, நீங்கள் தத்தெடுத்த முகம் தெரியாத குழந்தைகூட இருக்கிறது. மனைவி எங்கே? மயங்கி விழுந்து, வயிறு கிழிந்து, ஒரு குழாயை இழந்து, வேறு யாருடைய ரத்தத்திலோ பிழைத்து வந்த பெண் அவர். பிள்ளையைச் சுமந்தது அவர் உடம்பு. அவர் எப்போது அழுதார், யாரிடம் அழுதார் என்று நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

“உன்ன காப்பாத்தத்தான் நான் இந்தப் பாவத்தச் சுமக்கிறேன்” என்று சொன்னீர்களே, அதை அவர் படுத்திருக்கும் பக்கத்திலிருந்து கேட்டுப் பாருங்கள். என்னைக் காப்பாற்றியது பாவம் என்கிறார். நான் செத்திருந்தால் இவருக்குப் பாவம் இருந்திருக்காது. நான் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதற்காக இவர் வாரம் ஒரு கோயில் போய் மன்னிப்புக் கேட்கிறார். நீங்கள் ஒவ்வொரு முறை பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து திரும்பி வரும்போதும் அவருக்கு ‘என்னமோ மாதிரி’ இருப்பது இதனால்தான். அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. நீங்கள் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரிய வேண்டாமா?

சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதை வேலூர்க்காரர்களுக்குப் புதிதில்லை. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேர் வீட்டிலும் பிரசவம் சிக்கல். இளம் பெண்ணான ஐடாவுக்கு அப்போது மருத்துவம் தெரியாது, அவர் அப்பாதான் டாக்டர். ஆண் டாக்டர் வந்து தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று தாய்மார்களும் இறந்திருந்தார்கள். அதைத் தாங்கமாட்டாமல்தான் அவர் டாக்டருக்குப் படித்து 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். அந்த மூன்று கணவர்களும் கெட்டவர்கள் இல்லை, அவர்களும் தங்கள் நெறியைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். நீங்கள் அவர்கள் செய்யாததைச் செய்தீர்கள். நெறியும் உங்களைத் தடுக்கவில்லை, நேரமும் தப்பவில்லை. ஒரு சின்ன விஷயம்: சுயநினைவோடு இருக்கும் பெண் தன் சிகிச்சைக்குத் தானே கையெழுத்துப் போடலாம். படிவத்தில் கணவன் பெயர் வந்து நிற்பது பெரும்பாலும் நம் ஊர் வழக்கம். அந்தக் கையெழுத்து உயிரையும் சாவையும் தீர்மானித்தது போல நீங்கள் அதற்கு இவ்வளவு எடை கொடுக்க வேண்டியதில்லை.

உத்தரியத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைக் கழற்றியதால்தான் போச்சோ என்று உள்ளே ஓடுகிறது, எழுதக் கூச்சப்பட்டிருக்கிறீர்கள், சரியா? சாவியோ கதையை உங்கள் அம்மா பாதிதான் சொல்லியிருப்பார். 1856 செப்டம்பர். இத்தாலியில் தொன் போஸ்கோ என்ற குருவிடம் படித்துக்கொண்டிருந்த 14 வயதுப் பையன், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று விடுப்புக் கேட்டு மொண்டோனியோவில் இருந்த வீட்டுக்கு ஓடினான். அம்மாவுக்குப் பிரசவம் சிக்கலாகி உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. கட்டிப்பிடித்து, ரிப்பன் கட்டிய ஒரு பட்டுத்துணியை அம்மா கழுத்தில் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டான். தாயும் பிழைத்தார், தங்கையும் பிறந்தாள். அடுத்த மார்ச்சில் அந்தப் பையனே இறந்துபோனான். 1954இல் புனிதரானான். வேலூர் மறைமாவட்டத்தின் முதல் ஆயரே போஸ்கோ தொடங்கிய சலேசியர் சபைக்காரர் என்பதால் நம் பக்கம் இந்தப் பக்தி வேர்விட்டதில் ஆச்சரியமில்லை. அந்தப் பையன் ஓடியது ஆபத்திலிருந்த தாயைப் பார்க்க. உங்கள் வீட்டிலும் ஆபத்திலிருந்த தாய் பிழைத்தாள். இதை வைத்து, உத்தரியம் பாதி வேலைதான் செய்தது என்று கணக்குப் போடாதீர்கள். பக்தி அப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கல் இல்லை.

நீங்கள் மைக் பிடித்துச் சொல்லும் ஜெபமாலையின் மகிழ்ச்சி மறைபொருளில் இரண்டாவதையும், மரியா எலிசபெத்தைப் பார்க்கப் போனதை, நினைத்துப் பாருங்கள். எலிசபெத்து வயிற்றில் யோவான் துள்ளியதைத்தான் பிறவாத குழந்தைகளுக்கான ஜெபங்களில் எல்லாரும் சொல்கிறோம். சரிதான். ஆனால் மரியா மலைநாட்டுக்கு விரைந்து போனது வயதான காலத்தில் கருவுற்று ஐந்து மாதம் வெளியே வராமல் இருந்த ஒரு பெண்ணிடம். போய், ஏறக்குறைய மூன்று மாதம் கூட இருந்தார் என்கிறார் லூக்கா. கருவிலிருக்கும் உயிருக்கு நாம் காட்டும் மரியாதை அந்தப் பெண் வழியாகத்தான் போக முடியும், வேறு பாதை இல்லை. நம் ஜெபக் கூட்டங்களில் இது அடிக்கடி விட்டுப்போகிறது என்பது என் அபிப்பிராயம். குழந்தைகளுக்காக ஐம்பத்து மூன்று மணி உருட்டுகிறோம். பின் பெஞ்சில் குழந்தையை இழந்து உட்கார்ந்திருப்பவளிடம் ‘சாப்பிட்டியா’ என்று கேட்பதில்லை.

பிள்ளை எங்கே என்று கேட்டீர்கள். பெரியம்மா சொன்ன லிம்போ அவர் சின்ன வயதில் படித்த மறைக்கல்வி. அதைத் திருச்சபை ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததில்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பிள்ளைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம் என்றுதான் இப்போதைய மறைக்கல்வி ஏடு சொல்கிறது, ‘சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள்’ என்ற இயேசுவின் சொல்லைக் காட்டி. 2007இல் பதினாறாம் பெனடிக்ட் ஒப்புதலோடு வந்த இறையியல் ஆணையத்தின் ஆவணமும், அந்தப் பிள்ளைகள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்ப நல்ல காரணங்கள் உண்டு என்றே முடித்தது. பெரியம்மாவிடம் சண்டை போடாதீர்கள். பங்குத்தந்தையை ஒரு நாள் டீ குடிக்க வீட்டுக்கு அழையுங்கள், அவர் சொன்னால் கேட்பார்.

ஜாடி விஷயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன், தெரியாமல் கற்பனை செய்வது இன்னும் கொடுமை. லேபில் பரிசோதித்துவிட்டு, மருத்துவக் கழிவு விதிகளின்படி அதை எரிப்பார்கள் அல்லது ஆழமாகப் புதைப்பார்கள். தெருக் குப்பைக்குப் போவது விதியில் இல்லை. இனி அது கைக்கு வராது. உங்களுக்கு அடக்கம் செய்யக் கிடைக்கவில்லை, கல்லறை இல்லை, யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை, கம்பெனியில் ‘ஒய்ஃபுக்கு ஆபரேஷன்’ என்று மட்டும் லீவ் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அழ இடமில்லாத துக்கம் குற்றம் என்ற பெயரில் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. குற்றம் என்றால் அதற்கு ஏதாவது செய்யலாம், பஸ் ஏறலாம், வரிசையில் நிற்கலாம். துக்கத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை, அதனால் அது கடினம்.

துக்கத்துக்கு ஒரு இடம் கொடுங்கள். நீங்களும் மனைவியும் சேர்ந்து பிள்ளைக்கு ஒரு பெயர் வையுங்கள். ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் பரவாயில்லை, மனதுக்குப் பட்ட பெயர். ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த பிள்ளைக்கென்றே திருப்பலி மன்றாட்டுகள் பூசைப் புத்தகத்தில் உண்டு. பங்குத்தந்தையிடம் கேட்டு அந்தப் பூசையை வையுங்கள், ஊரில் உங்கள் அம்மா இருக்கும் நாளாகப் பார்த்து. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தாத்தா பாட்டி கல்லறையில் பிள்ளைக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றலாம். ஆனால் இதில் எதையும் நீங்கள் தனியாக முடிவு செய்து மனைவியை அழைத்துப் போகாதீர்கள். முதலில் கேளுங்கள். ‘எனக்கு வேண்டாம்’ என்று சொன்னால் அதுவும் அவர் துக்கம்தான்.

கேட்பதற்கு முன், சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ‘நீ உயிரோட இருக்குறது எனக்குப் பாவமில்ல. அன்னிக்கு நான் பயந்தது உன்ன நெனச்சுத்தான்.’ உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் பேசட்டும், அல்லது அழட்டும், அல்லது திட்டட்டும்.

பாதியில் விட்ட தத்து ஜெபத்தைப் பற்றிக் குழம்ப வேண்டாம். அது நேர்த்திக்கடன் இல்லை. அந்தக் குழந்தை உங்கள் ஜெபத்தை மட்டும் நம்பி இருக்கவும் இல்லை. மறுபடி தொடங்கத் தோன்றினால் இருவருமாகத் தொடங்குங்கள்.

மார்ச் 25க்கு இந்த வருடம் மைக் வேண்டாம். தகுதி இல்லை என்பதற்காக இல்லை, காயம் ஆறவில்லை என்பதற்காக. வேறு யாராவது நடத்தட்டும், நீங்கள் மனைவியோடு உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். விருப்பமிருந்தால் அன்பியத்தாரிடம் ஒன்று கேளுங்கள்: கருவிலேயே பிள்ளையை இழந்த தாய் தகப்பன்களுக்கும் ஒரு மன்றாட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் பங்கில் அப்படி எத்தனை பேர் வாய் திறக்காமல் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத் தெரியவரும்.

அடுத்த குழந்தை பற்றி: இடது குழாய் நன்றாக இருந்தால் கருத்தரிக்கத் தடையில்லை. ஆனால் இப்படி ஒருமுறை ஆனவர்களுக்கு மறுபடியும் குழாயில் தங்கும் வாய்ப்புச் சற்று அதிகம், பத்தில் ஒருவருக்கு என்ற அளவில். அதனால் நாள் தள்ளிப்போனதுமே மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, ஆறாவது வாரத்தை ஒட்டி ஸ்கேன் எடுத்துக் கரு எங்கே தங்கியிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். வயிற்று வலி, தோள் வலி, மயக்கம், உதிரப்போக்கு எது வந்தாலும் ஓமத்தண்ணி வைக்க உட்காராமல் உடனே கிளம்புங்கள். எப்போது முயல்வது என்பது மருத்துவர் சொன்ன பிறகு, உங்கள் மனைவியின் மனமும் உடம்பும் சரி என்று சொன்ன பிறகு.

நீங்கள் மாதக்கணக்கில் தூங்கவில்லை. இதைக் கடிதத்தில் சரிசெய்ய முடியாது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. இரவில் எண்ணம் எல்லை மீறினால், செத்துப்போகலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால், 14416 என்ற டெலி மனஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

என்னிடம் வருவதானால் இருவரும் வாருங்கள். முதலில் உங்கள் மனைவியிடம் தனியாகப் பேசுவேன். நேரமாகும், நீங்கள் வெளியே காத்திருக்க வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்து வாருங்கள்.